வீடு காலியா?

இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அணுபுரத்து நண்பர் ஒருவர் நம் வீட்டு வாசற்படி ஏறினார். அவர் கையில் கைபேசி இருந்தது. முகத்தில் கோபம் இருந்தது. நண்பர் கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையில் உத்தியோகம் பார்ப்பவர். சாந்த சுபாவம் உள்ளவர். அப்படிப்பட்டவர் கொடுத்த காப்பியைத் தொடாமலே, "வாத்தியார் ஐயா! அடுத்த வாரம் நீங்கள் சிங்கப்பூரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். கொஞ்சம் சூடாகவே எழுத வேண்டும்!" என்றார்.

விஷயம் இதுதான். நண்பரின் குமாரிக்குச் சென்ற தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. இளந்தம்பதிகள் அங்கே போய் மூன்று வாரம் ஆகியும் குடியிருக்க ஒரு வீடு அகப்படவில்லை. தங்கியிருந்த விடுதியோ நாளுக்கு நாள் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. தரகரிடம் பெயரைச் சொன்னதும், "இந்தியர்களா? வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை" என்று மூன்று இடங்களில் பதில் வந்ததாம். நான்காவது இடத்தில், "வரலாம், ஆனால் அடுப்பு மூட்டக்கூடாது" என்றார்களாம்.

"தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கிற தேசம் ஐயா அது! அங்கே தமிழனுக்கு வீடு இல்லையாம்!" என்று நண்பர் பொருமினார்.

அவருடைய கோபம் நியாயமானதே. 'இந்தியர் வேண்டாம்' என்று அந்நாட்டு வாடகை விளம்பரங்களிலேயே பகிரங்கமாக எழுதுவதைப் பற்றி 2014-ம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் செய்தி வெளியிட்டது. மேலும், அணுபுரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இந்த அநுபவம் முற்றிலும் புதிது. அங்கே வீடு என்பது தேடிப் பிடிக்கிற வஸ்து அல்ல. ஒரு விண்ணப்பம், ஒரு வரிசை, ஓர் உத்தரவு, ஒரு சாவி. பக்கத்து வீட்டில் வங்காளி இருப்பார். எதிர் வீட்டில் ஆந்திரர் இருப்பார். மேல் மாடியில் மலையாளி இருப்பார். வீடு ஒதுக்கும் உத்தரவில் உத்தியோகத்தின் தரம் இருக்கும். குலமும் கோத்திரமும் இரா. அப்படி வளர்ந்த பெண் தன் முகத்தைப் பார்த்துக் கதவு சாத்தப்படுவதை இருபத்தைந்தாம் வயதில் முதன்முதலாகக் கண்டிருக்கிறாள்.

"ஆகட்டும், எழுதுகிறோம். முதலில் குழந்தைகளுக்கு வீடு கிடைக்க வழி பார்ப்போம்" என்று நண்பரைச் சமாதானப்படுத்தினோம். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் பேசினோம். அவர் சொன்ன விவரங்கள் கடல் கடந்து போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படக் கூடியவை. ஆகையால் இங்கே தருகிறோம்.

சிங்கப்பூர்வாசிகளில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர், 1960-ல் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்கு மாடிகளில் வசிக்கிறார்கள். சொந்தக்காரர் தம் வீட்டை வாடகைக்கு விட வேண்டுமானால் கழகத்தின் அனுமதி பெற வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு விடக்கூடாது. 2014 முதல் இன்னொரு விதியும் உண்டு. சிங்கப்பூர்ப் பிரஜைகளும் மலேசியர்களும் அல்லாதவர்களுக்கு முழு வீடாக வாடகைக்கு விடுவது ஒரு கட்டிடத்தில் நூற்றுக்கு 11 வீடு, ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 8 வீடு என்ற அளவைத் தாண்டலாகாது. ஆகவே, "இல்லை" என்று வரும் பதில்களில் சில, சட்டம் சொல்லும் "இல்லை". அதற்காக மனம் நோக வேண்டியதில்லை. அடுத்த கட்டிடத்துக்கு நடக்க வேண்டியதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்லும் "இல்லை" வேறு ரகம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு ஊர் முழுவதும் விரோதியாகத் தோன்றிவிடும்.

இனி, பணத்தைப் பற்றிய எச்சரிக்கை. அவசரத்தில் இருக்கிற அயலூர்க்காரர்களைத் தேடி மோசக்காரர்கள் வருவார்கள். இங்கே உட்கார்ந்தபடி கைபேசியில் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவது, ஆற்றைக் காணாமலே ஓடத்துக்குக் கூலி கொடுப்பது போன்றது. அந்நாட்டில் 2010 முதல் தரகர்களைக் கண்காணிக்க ஒரு மன்றம் இருக்கிறது. உண்மையான தரகருக்குப் பதிவு எண் உண்டு. யாரும் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கழக வீட்டு வாடகைப் பணத்தைத் தரகர் தம் கையால் வாங்கக் கூடாது. ஒரே பேரத்தில் இரண்டு பக்கத்துக்கும் தரகராக நிற்கவும் கூடாது. பணம் கேட்டுக் கை நீட்டினால், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

மாதம் 3,000 வெள்ளி வாடகைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அது 6,000 வெள்ளி. முதல் மாத வாடகை 3,000. மொத்த வாடகையில் நூற்றுக்கு 0.4 வீதம் முத்திரைத் தீர்வை. அது 288 வெள்ளி. ஆக, சாவியை வாங்கும் தினத்தில் 9,288 வெள்ளி, அதாவது நம் பணத்தில் ஆறு லட்ச ரூபாய்க்கு மேல், கையில் இருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் கோர்ட்டில் செல்லாது. ஒப்பந்தத்தில் 'ராஜதந்திரிகள் ஷரத்து' என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வேலை போனாலோ, வேறு தேசத்துக்கு மாற்றினாலோ, உரிய நோட்டீஸ் கொடுத்து இடையிலேயே வீட்டைக் காலி செய்யும் உரிமைக்கு அப்படி ஒரு பெயர். குடி புகும் நாளன்றே சுவரில் உள்ள கீறல் முதல் குழாயின் கசிவு வரை படம் பிடித்து வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது முன்பணம் முழுசாகத் திரும்பும்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் நண்பருக்கு மனம் ஆறவில்லை. அவர் விஞ்ஞானம் படித்தவர் ஆதலால், விஞ்ஞானி சந்திரசேகரின் கதையை நினைவூட்டினோம். 1936 செப்டம்பரில் சென்னையில் லலிதாவை மணந்த சந்திரசேகர், 1937 ஆரம்பத்தில் மனைவியுடன் அமெரிக்காவிலுள்ள வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூரில் குடியேறினார். சிக்காகோ சர்வகலாசாலையின் யெர்க்கீஸ் வானாராய்ச்சி நிலையம் அங்கேதான் இருந்தது. மறு வருஷம், அவர் சிக்காகோவுக்கு வந்து பாடம் நடத்துவதை, நிறத்தைக் காரணமாக வைத்து ஒரு துறைத் தலைவர் ஆட்சேபித்தார். சர்வகலாசாலைத் தலைவர் ஹச்சின்ஸ் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். அந்தத் தம்பதிகள் 1964 வரையில் அந்தச் சிற்றூரிலேயே வாழ்ந்தார்கள். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"பார்த்தீர்களா? ஒருவர் மறுத்தால் இன்னொருவர் திறந்துவிடுகிறார்" என்றோம். நண்பர் முகம் சற்றுத் தெளிந்தது. காப்பியையும் கையில் எடுத்தார். பேச்சை மாற்றுவதற்காக, "செங்கல்பட்டில் கட்டியிருக்கிறீர்களே புது வீடு, மாடிக்குக் குடி வந்தாயிற்றா?" என்று கேட்டோம்.

"வந்தாயிற்று. ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தார்கள். முதலில் வந்த பையன் நல்ல பையன்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், சம்பளமும் பரவாயில்லை. ஆனால் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று விசாரித்தேன். நமக்கு ஒத்து வராது என்று தெரிந்தது. வேறு ஆளுக்கு விட்டதாகச் சொல்லி அனுப்பி..."

நண்பர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காப்பித் தம்ளர் பாதி வழியில் நின்றது. நாமும் ஒன்றும் பேசவில்லை. வாசலில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

அவரைக் குத்திக் காட்டும் யோக்கியதை நமக்கு இல்லை. நம் தெருவிலும் 'சைவம் மட்டும்' என்று எழுதிய பலகை தொங்குகிறது. அந்தச் சொல்லின் உட்பொருள் கத்தரிக்காயைப் பற்றியது அல்ல என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும், இத்தனை வருஷமாக அதன் கீழே நடந்து பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறோம்.

1917-ல் நடந்த ஒன்றைத் தேச பக்தர்கள் மறக்கலாகாது. நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு, டாக்டர் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்கு வந்தார். அந்நிய நாடுகளில் நாலு வருஷம் வசித்தவருக்குச் சொந்தத் தேசத்தில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்ஸி சத்திரத்தில் பார்ஸிப் பெயர் பூண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. சிநேகிதர்கள் இருவரிடம் இடம் கேட்டார்; இருவரும் சாக்குச் சொன்னார்கள். ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்து, பம்பாய்க்குத் திரும்பினார். அவரைத் தலைவராகக் கொண்ட குழு பிற்பாடு நம் அரசியல் சட்டத்தை வரைந்தது. தேசத்துக்கே சட்டம் வகுத்தவருக்கு ஒரு மாடி அறை அன்று கிடைக்கவில்லை.

சிங்கப்பூரைக் கண்டிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, கண்டிக்கத்தான் வேண்டும். வீட்டை யாருக்கு விடுவது என்பது சொந்தக்காரரின் இஷ்டம் என்பார்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா என்று கேட்பதற்கு அவருக்குப் பூரண உரிமை உண்டு. இவற்றுக்கு விடை பிறப்பில் இல்லை என்பதுதான் நம் வாதம். அந்த வாதத்தை உலகத்தாரிடம் எடுத்துச் சொல்லும் நாக்கு, நம் மாடிப்படியில் தடுமாறக் கூடாது.

இளந்தம்பதிகளுக்கு அடுத்த பத்து நாளில் வீடு கிடைத்துவிட்டது. சொந்தக்காரி ஒரு சீனக் கிழவி. பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதியையும் பார்த்தாள், முன்பணத்தை வாங்கிக்கொண்டாள், வேறொன்றும் கேட்கவில்லையாம்.

சென்ற வாரம் நண்பர் மறுபடியும் வந்தார். செங்கல்பட்டு மாடியில் இருந்தவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம். "வாசலில் பலகை மாட்ட வேண்டும், வாத்தியார் ஐயா. அதில் என்ன எழுதலாம்?" என்று கேட்டார்.

"'வீடு காலி' என்று எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்" என்றோம்.

நண்பர் சற்று யோசித்தார். "சரி, அப்படியே எழுதுகிறேன்" என்றார். பலகையில் எழுதுவது சுலபம். வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவர் என்ன கேட்கப் போகிறார் என்பதை நாமும் பார்க்கத்தான் போகிறோம்.