கம்ப்யூட்டர்த் தொழிலாளிக்கு இனியாவது புத்தி வருமா?

நம் நாட்டில் ஏழை ஜனங்களுக்கு எந்தக் கஷ்டம் நேர்ந்தாலும் "எல்லாம் தலைவிதி" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்து வந்தது பழைய காலத்துப் புரட்டு. மழை பெய்யாவிட்டாலும் தலைவிதி. மிராசுதார் குத்தகையை உயர்த்தினாலும் தலைவிதி. படித்துப் பட்டம் பெற்று, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் முன் வேலை செய்கிறவர்களிடம் இந்தத் தலைவிதி செல்லாது என்று நம்மில் பலர் எண்ணியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு தலைவிதி தயாராகவே இருந்தது. அதற்குப் பெயர்தான் வேறு. "பொருளாதார நிலைமை" என்பது அதன் பெயர்.

2022 நவம்பர் முதல் சுமார் ஒரு வருஷ காலம் அமெரிக்காவிலுள்ள பெரிய கம்ப்யூட்டர்க் கம்பெனிகளில் நடந்த சங்கதிகளை வாசகர்கள் ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டுகிறோம். கடலுக்கு அப்பால் நடந்த விஷயம் நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். காட்டை விற்றும் கடன் வாங்கியும் அவர்களைப் படிக்க வைத்த தாய் தகப்பன்மார் இங்கே நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

நடந்தது என்ன? எலான் மஸ்க் என்பவர் ட்விட்டர் கம்பெனியை விலைக்கு வாங்கிய எட்டாம் நாள், 2022 நவம்பர் 4-ந் தேதி, அதிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியேற்றப்பட்டார்கள். முந்தின நாள் எல்லோருக்கும் ஒரு ஈமெயில் வந்தது. வேலை உண்டா இல்லையா என்பது நாளைக் காலையில் தெரியும் என்பதே அதன் சாரம். அதன் கீழே கம்பெனியின் பெயர் இருந்ததேயொழிய ஒரு மனிதனுடைய கையெழுத்து இல்லை. அதே மாதம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் அமேசான் 18,000 பேர், மைக்ரோசாப்ட் 10,000 பேர், கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தன. மார்ச்சு மாதத்தில் மெட்டா இன்னும் 10,000 பேரையும், அமேசான் இன்னும் 9,000 பேரையும் சேர்த்துக்கொண்டன. ட்விட்டரை விட்டுவிட்டு மற்ற நான்கு கம்பெனிகளை மட்டும் கணக்குப் பார்த்தாலும் 70,000 குடும்பங்கள். பத்துப் பதினைந்து வருஷம் உழைத்தவர்களும் பிரசவ லீவில் இருந்த பெண்களும்கூட இதில் தப்பவில்லை. விடியற்காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, அது திறக்காமற்போகவே தனக்கு வேலை போய்விட்டதென்று அறிந்துகொண்டவர்கள் பலர்.

கம்பெனிகள் நஷ்டத்தில் மூழ்கியா இப்படிச் செய்தன? அதையும் பார்ப்போம். கூகுளின் தாய்க் கம்பெனி 2022-ம் வருஷத்தில் அடைந்த லாபம் சுமார் 6,000 கோடி டாலர். மைக்ரோசாப்ட் 2022 ஜூனில் முடிந்த வருஷத்தில் அடைந்த லாபம் 7,200 கோடி டாலருக்கு மேல். 12,000 பேரை அனுப்பிய மூன்றாம் மாதத்தில் கூகுள் கம்பெனி, தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிப் பங்குக்காரர்களைச் சந்தோஷப்படுத்த 7,000 கோடி டாலர் ஒதுக்கிற்று. மைக்ரோசாப்ட் தன் ஆட்குறைப்பை அறிவித்ததற்கு முந்தின இரவு, தாவோஸ் நகரில் அதன் மேலதிகாரிகளுக்காக ஸ்டிங் என்னும் பிரபல பாடகரின் கச்சேரி நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. மெட்டாவின் முதலாளி ஜூக்கர்பெர்க் 2023-ம் வருஷத்துக்குத் "திறமை வருஷம்" என்ற பொருளில் நாமகரணம் செய்தார். அந்த வருஷத்தில் அவர் கம்பெனிப் பங்கின் விலை ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. தொழிலாளிக்கு ஆகாத காலம் முதலாளிக்கு மட்டும் எப்படி நல்ல காலமாயிற்று என்று நாம் கேட்கிறோம்.

இதற்குக் காரணம் கிரகமுமல்ல, விதியுமல்ல. 2020-ல் கொரோனா நோய் வந்து ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். கடை, பள்ளிக்கூடம், பொழுதுபோக்கு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்தன. அமெரிக்காவில் வட்டியும் ஏறக்குறையப் பூஜ்யம். கம்பெனிகள் இது என்றைக்கும் நிலைக்குமென்று கணக்குப் போட்டு ஆட்களை வாரி எடுத்தன. கூகுள் குடும்பத்தில் 2020 முடிவில் சுமார் 1,35,000 பேர். 2022 முடிவில் சுமார் 1,90,000 பேர். நோய் தணிந்தது, 2022-ல் வட்டி நூற்றுக்கு நாலுக்கு மேல் ஏறிற்று, பங்குக்காரர் முகம் சுளித்தார்கள். கணக்கைப் போட்டவர்கள் மேலே இருந்தவர்கள். கணக்குப் பிசகியதற்குத் தண்டம் கொடுத்தவர்கள் கீழே இருந்தவர்கள். இதைத்தான் "பொருளாதார நிலைமை" என்கிறார்கள். மனிதன் செய்த தீர்மானத்தை இயற்கையின் செயல் என்று சொல்லுவது பழைய பூசாரித்தனமல்லாமல் வேறென்ன?

நிற்க, கூகுளின் தலைமை அதிகாரி சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். "நம்மவர்" என்று இங்கே கொண்டாடாத பத்திரிகை இல்லை. இந்த நிலைமைக்கு வந்ததற்கு முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று அவர் எழுதினார். 2022-ம் வருஷத்துக்கு அவருக்குக் கணக்கிட்ட ஊதியமோ, மூன்று வருஷத்துக்கொருமுறை தரும் பங்குகள் உட்பட, சுமார் 22 கோடி 60 லட்சம் டாலர். பொறுப்பு ஒருவருக்கு, வேலை போனது 12,000 பேருக்கு என்றால் அது என்ன பொறுப்பு? அவர் ஒருவரைக் குறைசொல்லுவது நம் நோக்கமல்ல. நம் ஊர்க்காரன் நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கு விமோசனம் என்பதும் ஒரு மூட நம்பிக்கையே என்பதற்காகச் சொல்லுகிறோம். நாற்காலிக்கு ஊர் கிடையாது.

நம் பிள்ளைகளின் கஷ்டமோ இரட்டைக் கஷ்டம். எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருப்பவன் வேலை போனால் 60 நாட்களுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும்; அல்லது தங்குவதற்கு வேறு சட்ட வழி காண வேண்டும்; இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டாருக்கும் இத்தனை பேர்தான் என்ற அளவு இருப்பதால், நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு இந்தியர் பல வருஷம் காத்துக் கிடக்கிறார்கள். வாங்கிய வீடு, அங்கே பிறந்து அங்கே படிக்கும் குழந்தை எல்லாம் அந்த 60 நாட்களில் தொங்குகின்றன. இந்த விசாவுக்காக ஹைதராபாத் பக்கத்துச் சில்கூர்க் கோயிலில் 11 சுற்றும் 108 சுற்றும் சுற்றுகிறார்கள். சுற்றிய நேரத்தில் வேலை ஒப்பந்தத்தை ஒருதரம் படித்திருந்தால் எவ்வளவோ பிரயோஜனமாயிருக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கூகுளில் நிரந்தர வேலைக்காரனுக்கு வெள்ளை அட்டை, ஒப்பந்தக்காரனுக்குச் சிவப்பு அட்டை. 2019-ல் சிவப்பு அட்டைக்காரர் சுமார் 1,21,000 பேரும் வெள்ளை அட்டைக்காரர் சுமார் 1,02,000 பேருமாக இருந்தார்கள். ஒரே கட்டடம், ஒரே வேலை. சலுகை மட்டும் வேறு. இது வருணாசிரமமல்லவா? சிவப்பு அட்டைக்காரனைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பியபோது வெள்ளை அட்டைக்காரரில் வாய் திறந்தவர் மிகச் சிலரே. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற திருப்தியே மனிதனை அடிமையாக வைத்திருக்கப் போதும். ஜாதி நமக்குக் கற்பித்த இந்தப் பாடத்தை முதலாளியும் நன்றாகப் படித்திருக்கிறான்.

"நாங்கள் மூளையால் உழைப்பவர்கள், சங்கமெல்லாம் மில் கூலிக்காரனுக்கு" என்று நம் கம்ப்யூட்டர்த் தோழர்கள் சொல்லுகிறார்கள். அதே 2023-ல் நடந்த இரண்டு காரியங்களை அவர்களுக்குக் காட்டுகிறோம்.

ஹாலிவுட் சினிமாக் கதை எழுதுகிறவர்களும் மூளையால் பிழைப்பவர்களே. ஆனால் 1933-லேயே சங்கம் கண்டவர்கள். சுமார் 11,500 பேர் 2023 மே 2-ந் தேதி பேனாவைக் கீழே வைத்து 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிவில், செயற்கை அறிவு இயந்திரத்தை உபயோகிக்கும்படி எழுத்தாளனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, இயந்திரம் எழுதியதைக் கையில் கொடுத்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், இயந்திரத்தைக் காட்டி எழுத்தாளனின் உரிமையைக் குறைக்கக் கூடாது என்று எழுத்து மூலம் வாங்கினார்கள். அந்த இயந்திரத்தையே உண்டாக்கிய கம்ப்யூட்டர்த் தொழிலாளியிடம் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா?

மற்றொன்று ஆப்பிரிக்காவில். ஃபேஸ்புக்கிலும் செயற்கை அறிவு இயந்திரங்களிலும் வரும் கொலை, கற்பழிப்புக் குப்பைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எறிவது கென்யா நாட்டுத் தோழர்களின் வேலை. அவர்களில் சிலருக்குக் கூலி மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு. அவர்கள் 150 பேருக்கு மேல் 2023 மே தினத்தன்று நைரோபியில் கூடி, சங்கம் காண்பதென்று தீர்மானித்தார்கள். இரண்டு டாலர்க்காரனுக்கு இருக்கிற மானம் இருநூறு டாலர்க்காரனுக்கு ஏன் இல்லை?

நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. பத்துப் பேர் வேலையை இயந்திரம் செய்தால் பத்துப் பேருக்கும் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே நம் ஆசை. ஒன்பது பேருக்குப் பட்டினியும் ஒருவனுக்குக் கோடியும் கிடைக்குமானால் குற்றம் இயந்திரத்தினுடையதல்ல; பங்கு போடுகிறவனுடையது.

ஆகவே அந்த வருஷம் கற்பித்த பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதலாவது, சம்பளம் எத்தனை லட்சமானாலும், மாதச் சம்பளம் நின்றால் வாழ வழியில்லாதவன் தொழிலாளிதான். இதை வெட்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது, "கம்பெனி ஒரு குடும்பம்" என்ற பேச்சை நம்பக் கூடாது. எந்தத் தாயும் விடியற்காலையில் ஈமெயில் அனுப்பிப் பிள்ளையைத் தள்ளியதில்லை. மூன்றாவது, ஒப்பந்தத்தைப் படித்து நோட்டீஸ், நஷ்டஈடு விவரங்களைத் தெரிந்துகொண்டு, ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு வீட்டுக் கடனுக்குப் போக வேண்டும். நான்காவது, ஒரு கம்பெனிக்குள் மட்டும் செல்லுகிற வித்தையோடு நின்றுவிடாமல் எங்கும் செல்லுகிற தொழிலறிவைத் தேட வேண்டும். இந்த நான்கும் இருந்தும் ஐந்தாவது இல்லாவிட்டால் பயனில்லை. அதுதான் சங்கம்.

தொழிற்சட்டங்கள் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளுக்கும் உண்டு, அங்குள்ளவர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படியிருந்தும் சேர்ந்தவர் கொஞ்சமே. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சிக் கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, நெருப்பு நம் கூரைக்கே வந்துவிட்டது.

தோழர்களே! உங்கள் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது சம்பளம் எவ்வளவென்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறாய் என்று கேளுங்கள். எதிலுமில்லை என்று அவன் பெருமையாகச் சொன்னால், இவ்வளவு படித்தும் மானத்தோடு வாழப் படிக்கவில்லையே என்று தைரியமாகச் சொல்லுங்கள்.