சீட்டே சமைத்தால்? டெட்ராஹைமெனா செய்த வேலை!

இட்லியை வாயில் போட்டவுடனே அது உடைய ஆரம்பித்துவிடுகிறது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதிதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. உடம்பில் நடக்கும் ஆயிரக்கணக்கான வேதிவினைகளை இப்படி விரட்டி வேலை வாங்குவது நொதிகள்தான். நொதி என்றால் புரதம். 1926-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர், யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என்று காட்டினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை உடைத்தது, குளத்துத் தண்ணீரில் வாழும் ஒரு செல் உயிரி. பெயர் டெட்ராஹைமெனா.

செல்லை ஒரு கல்யாண சமையற்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ, பூட்டி வைத்திருக்கும் சமையல் புத்தகம். அதைப் பார்த்து எழுதிய சீட்டு, ஆர்.என்.ஏ. அடுப்படியில் நின்று வேலை செய்பவை புரதங்கள். சீட்டு தானாகச் சமைக்கும் என்று யாராவது சொன்னால் சிரிக்கத்தானே செய்வோம்?

கொலராடோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் செக்கும் அப்படிச் சொல்ல வரவில்லை. டெட்ராஹைமெனாவின் ஒரு ஆர்.என்.ஏ உருவானதும், அதன் நடுவே இருக்கும் 413 எழுத்து நீளத் துண்டு வெட்டப்பட்டு, இரு பக்கமும் ஒட்டப்படுகிறது. வெட்டி ஒட்டும் புரதம் எது என்பதுதான் அவரது தேடல். அவருடைய குழுவில் இருந்த ஆர்தர் ஜாக், செல் கருவின் சாற்றை ஒரு குழாயில் சேர்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க, சாறு சேர்க்காத இன்னொரு குழாய். இரண்டிலும் துண்டு வெட்டப்பட்டிருந்தது!

இரண்டாவது குழாயைத் தயாரித்ததில் ஏதோ தவறு என்றுதான் செக் முதலில் நினைத்தார். திரும்பச் செய்தார்கள். அதே விடை. ஆர்.என்.ஏ-வோடு ஏதோ ஒரு புரதம் விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சந்தேகித்தார்கள். கொதிக்க வைத்தார்கள், சோப்பு போன்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள், புரதத்தைத் தின்னும் நொதிகளை ஏவினார்கள். வெட்டு நிற்கவில்லை. கடைசியில் அந்த மரபணுத் துண்டை பாக்டீரியாவில் பெருக்கி, சுத்தம் செய்து, அதிலிருந்து சோதனைக் குழாயிலேயே ஆர்.என்.ஏ-வைத் தயாரித்தார்கள். டெட்ராஹைமெனா செல்லைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆர்.என்.ஏ அது. அதுவும் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. 1982-ல் கட்டுரை வெளியானது. 'ரிபோசைம்' என்ற பெயரும் அதில்தான் பிறந்தது.

எப்படி முடிகிறது? டி.என்.ஏ இரட்டை இழை, விறைப்பானது. ஆர்.என்.ஏ ஒற்றை இழை. கழற்றிப் போட்ட இயர்போன் ஒயர் மாதிரி தன்மேலேயே மடங்கும். ஆனால் கண்டபடி அல்ல. ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி என்று ஜோடி சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்கு வரும். இழை முழுக்க எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அதைச் சமாளித்து நெருக்கமாக மடிய வைப்பது மெக்னீசியம் அயனிகள். மடிப்பின் நடுவே ஒரு குழி. அதில் குவானோசின் என்ற சிறு மூலக்கூறு வந்து உட்கார்ந்து, முதல் வெட்டைப் போடுகிறது. வெட்டுப்பட்ட முனை, மறுபக்கத்து இணைப்பைத் தாக்கி ஒட்டிக்கொள்கிறது. ஒரு பிணைப்பு உடைய, இன்னொன்று உருவாக, கணக்கு நேராகிவிடும். வெளியிலிருந்து ஆற்றலே வேண்டாம்.

தன்னையே மாற்றிக்கொள்வதை வினையூக்கி என்று சொல்லலாமா? நியாயமான கேள்விதான். யேல் பல்கலைக்கழகத்தின் சிட்னி ஆல்ட்மன் குழு 1983-ல் அதற்கும் பதில் வைத்திருந்தது. ஈ.கோலை பாக்டீரியாவின் ஆர்.என்.ஏஸ்-பி என்ற நொதியில் புரதமும் ஆர்.என்.ஏ-வும் சேர்ந்தே இருக்கும். புரதத்தை நீக்கி, மெக்னீசியத்தைக் கூட்டினால், ஆர்.என்.ஏ மட்டுமே மற்ற மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியது. தான் மட்டும் மாறவில்லை. செக்குக்கும் ஆல்ட்மனுக்கும் 1989-ல் வேதியியல் நோபல்.

கோழியா முட்டையா என்ற பழைய பஞ்சாயத்து உயிரியலிலும் உண்டு. புரதம் செய்ய டி.என்.ஏ-வின் குறிப்பு வேண்டும்; டி.என்.ஏ-வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். முதலில் வந்தது எது? குறிப்பையும் சுமந்து, வேலையும் செய்யும் ஆர்.என்.ஏ முதலில் வந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பு பெரிய பலம். 'ஆர்.என்.ஏ உலகம்' என்று 1986-ல் இதற்குப் பெயர் வைத்தவர் வால்டர் கில்பர்ட்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் நோபல் கிடைத்தது நினைவிருக்கும். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்ட அந்தப் பரிசு, ரிபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக. செல்லில் புரதம் தயாராகும் இடம் ரிபோசோம். அதன் சிறிய பாதியின் படத்தை வரைந்தது ராமகிருஷ்ணன் குழு. பெரிய பாதியை ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழு 2000-ல் வெளியிட்டபோதுதான் பெரிய விஷயம் தெரிந்தது. அமினோ அமிலங்களைக் கோக்கும் மையத்தின் பக்கத்தில் புரதமே இல்லை. கோப்பது ஆர்.என்.ஏ! எச்சிலில் உள்ள அந்த அமைலேஸும் இப்படிக் கோக்கப்பட்டதுதான்.

தொண்டைத் தொற்றுக்கு டாக்டர் எழுதித்தரும் அசித்ரோமைசின் போய் ஒட்டிக்கொள்வதும் பாக்டீரியாவின் ரிபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ-வில்தான். கோக்கப்பட்டுக்கொண்டிருக்கும் சங்கிலி வெளியே வரும் பாதையை அது அடைத்துக்கொள்கிறது.