டீனின் காகிதக் கட்டு

வில்பர்ட் டேவிசன் குழந்தை மருத்துவர். வட கரோலினாவில் டியூக் மருத்துவக் கல்லூரியின் முதல் டீன். 1927 முதல் 1960 வரை நாற்காலி அவருடையதுதான். அவருடைய சொந்தக் காகிதங்களை டியூக்கின் மருத்துவ ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களை விழா மலர்களில் தேடுவது வீண். அங்கே எந்த டீனும் யாரையும் திட்டியதில்லை! கிளிப் துருவேறிய கார்பன் நகலில்தான் மனிதர் அகப்படுவார். 1930இல் திறந்த டியூக் மருத்துவமனையில் கறுப்பினத்தவருக்கு வார்டு தனி. கல்லூரியில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்ததோ 1963இல். டேவிசன் ஆண்ட முப்பத்து மூன்று வருடக் கடிதங்களை நான் புரட்டினால், புகழ்பெற்ற மருத்துவர் ஆஸ்லரின் சீடர் என்ற பெருமையை அப்புறம் பார்த்துக்கொள்வேன்; அந்த வார்டுகளைப் பற்றி என்ன எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்றுதான் முதலில் தேடுவேன்.