ரோபோ ரிப்பேர்னா... ஆளை இறக்கு!

பெரிய ஹோட்டல்களில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்ய ஒரு ரோபோ வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? கொஞ்சம் பெரிய சைஸ் ஆமை மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் விட்டால் தரையெல்லாம் ஊர்ந்து, சுவரில் ஏறி, பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கை உறிஞ்சி தன் வயிற்றில் இருக்கும் பில்டரில் சேர்த்துக்கொள்ளும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அடிக்கடி மக்கர் பண்ணும். பில்டரில் இலை அடைத்தால் உறிஞ்சாது. விசிறியில் முடி சுற்றினால் நகராது. கரண்ட் கேபிள் முறுக்கிக்கொண்டால் ஒரே இடத்தில் சுத்திச் சுத்தி வரும். ரப்பர் சீல் தேய்ந்து மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் கதை முடிந்தது.

அப்போது ஹோட்டல்காரர் என்ன செய்வார்? 'இன்று குளம் கிடையாது' என்று போர்டு வைப்பார், சர்வீஸ்காரருக்குப் போன் போடுவார். குளிக்க வந்தவர் ரூமுக்குப் போய் ஷவரில் குளிப்பார். அவ்வளவுதான். யாரும் சாக மாட்டார்கள்.

இப்போ அப்படியே திருப்பூர் பக்கம் வாங்க.

2025 மே மாதம். பல்லடம் பக்கத்தில் கரைப்புதூர். ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். இரண்டு நாள் பேப்பரில் வந்தது. மூன்றாவது நாள் நூல் விலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

"இதுக்கெல்லாம் மிஷின் இல்லீங்களா?" என்று கேட்டால் ஒரு பதில் ரெடியாக இருக்கும். "மிஷின் எல்லாம் இருக்குதுங்க. ஆனா அடிக்கடி ரிப்பேர் ஆகுதுங்க. சரிப்பட்டு வராது."

இந்தப் பதிலைத்தான் கொஞ்சம் பிரித்து மேய வேண்டியிருக்கிறது.

முதலில் மிஷின் இருக்கிறதா? இருக்கிறது. கேரளாவைச் சேர்ந்த இன்ஜினியரிங் பசங்க ஆரம்பித்த ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 2018லேயே 'பாண்டிகூட்' என்ற ரோபோவைக் கொண்டுவந்தது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் கையை விட்டு மண்ணையும் குப்பையையும் அள்ளும். கேமரா உண்டு. ஆப்பரேட்டர் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்கினால் போதும். அதே 2018ல் நம்ம கும்பகோணத்துக்கே அது வந்துவிட்டது. செப்டிக் டேங்குக்கு என்று சென்னை ஐஐடி 'ஹோமோசெப்' என்ற கருவியைச் செய்தது. அடியில் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும் சகதியைச் சுழலும் பிளேடால் கலக்கிக் கூழாக்கி, பிறகு உறிஞ்சி எடுக்கும். 2022ல் அதைக் களத்தில் இறக்கியபோது, கணவனை இந்த வேலைக்குப் பலிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுவிடமே கொடுத்தார்கள். இதைவிடப் பொருத்தமான கை வேறு எது?

ஆக, மிஷின் இல்லை என்ற பேச்சு செல்லாது. அடுத்தது, ரிப்பேர் ஆகிறது என்ற பேச்சு.

ஆமாம், ஆகும். நீச்சல் குளத்தில் தெளிந்த தண்ணீரில் ஓடும் ரோபோவே மக்கர் பண்ணுகிறது. சாக்கடையில் என்ன இருக்கும்? சகதி, கல், பிளாஸ்டிக், தலைமுடி. நம்ம ஊரில் கூடவே கட்டிங் வேஸ்ட்டும் நூலும். குழாய் அடைக்கும், சீல் தேயும், கேமரா மங்கும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

ஆச்சரியமே வேறு. திருப்பூர்க்காரர்களுக்கு மிஷின் ரிப்பேர் என்றால் என்னவென்றே தெரியாதா?

ஒரு நிட்டிங் மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் என்றால் அதில் 2200 ஊசிக்கு மேல் இருக்கும். அதில் ஒரே ஒரு ஊசி உடைந்தாலும் துணி நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். ஊசி உடையாத நாள் உண்டா? பஞ்சு அடைக்கும், நூல் அறும், பெல்ட் போகும். அதற்காக எந்த முதலாளியாவது "மிஷின் சரிப்பட்டு வராது, ஆளுங்களை உட்காரவைத்துக் கையால் பின்னச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறாரா? டிராயரில் ஸ்பேர் ஊசி பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். நாளைக்கு ஷிப்மென்ட் என்றால் ராத்திரி ரெண்டு மணிக்கும் மெக்கானிக் பைக்கில் வந்து நிற்பார்.

சரி, அது லாபம் தரும் மிஷின், இது கழிவு சமாச்சாரம் என்பீர்கள். அதற்கும் உதாரணம் இங்கேயே இருக்கிறது. நொய்யலில் சாயக்கழிவை விட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்று ஆனபிறகு என்ன நடந்தது? ஆர்.ஓ. மெம்பரேன் அடைத்தால் கழுவ ஆள் வந்தது. எவாப்பரேட்டரில் உப்புப் படிந்தால் சுரண்ட முறை வந்தது. தனியாகச் செலவு தாங்காதவர்கள் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டினார்கள். அந்த மிஷின்களும் ரிப்பேர் ஆகிறவைதான். ஆனால் அவை நின்றால் பட்டறையே நிற்கும். அதனால் நிற்க விடுவதில்லை.

புரிகிறதா மக்களே? நின்றால் யாருக்கு நஷ்டமோ அவர் பாக்கெட்டில் கை வைத்தால்தான் மிஷின் ஓடும். தொட்டி சுத்தம் செய்யும் மிஷின் நின்றால் முதலாளிக்கு நஷ்டம் இல்லை. ஏனென்றால் அதற்குப் பதிலாக ஒரு ஆள் கிடைக்கிறார். கையில் சில நூறு ரூபாய் கொடுத்தால் இறங்குகிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், எந்தச் சாதி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? மிஷினுக்குப் போட்டி வேறு மிஷின் இல்லை. மலிவாகக் கிடைக்கும் அந்த மனிதர்தான் போட்டி. அந்தப் போட்டி இருக்கும்வரை எந்த ரோபோவும் ஜெயிக்காது.

பி.காம் முதல் வருஷ அக்கவுண்ட்ஸில் ஒரு பாடம் வரும். மிஷின் வாங்குவது கேபிடல் செலவு, அதை ஓட்டிப் பராமரிப்பது ரெவன்யூ செலவு. பொது இடத்து மிஷின்களில் முதலாவதற்கு விழா உண்டு. ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம், நன்கொடை கொடுத்த கம்பெனி பெயரைப் பெரிதாக எழுதலாம். ஒரு ரப்பர் சீல் மாற்றியதற்கு யாராவது விழா எடுப்பார்களா? ஆகவே டெண்டர் போடும்போதே பராமரிப்பு ஒப்பந்தம், ஸ்பேர் பார்ட்ஸ், பயிற்சி பெற்ற இரண்டு ஆப்பரேட்டர், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்ற கெடு, இதெல்லாம் எழுதப்பட வேண்டும். எழுதாமல் வாங்கினால், வாங்கும்போதே அது ஓரங்கட்டப்பட்ட மிஷின்தான்.

"சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது" என்பது அடுத்த பல்லவி. தனியாக யார் வாங்கச் சொன்னது? கழிவுநீருக்குப் பங்கு போட்டவர்கள் இதற்கும் போடலாமே. ஒரு மிஷின் பழுதானால் இன்னொன்று வரும்படி வட்டத்துக்கு இரண்டு வைக்கலாமே. அதுவும் வரவில்லையா, தொட்டி ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். நாறட்டும். நாற்றத்தால் பட்டறை ஒரு வாரம் நின்றாலும் பரவாயில்லை. நீச்சல் குளத்தை மூடிவைக்கிற பொறுமை தொட்டிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2013ம் வருட மத்திய சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. ஆளே விருப்பப்பட்டு இறங்கினார் என்று தப்பிக்க முடியாது. இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. இருந்தும் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. பின்னலாடை ஏற்றுமதியில் நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை மாதிரி நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும்போதுதான் எமன் உள்ளே காத்திருப்பான். முதல் ஆள் விழுவார். காப்பாற்ற இரண்டாவது ஆள் இறங்குவார். அவரைக் காப்பாற்ற மூன்றாவது ஆள். ஒவ்வொரு முறையும் இதே கதை.

மிஷின் பழுதானால் பார்ட்ஸ் மாற்றலாம். இறங்கினவருக்கு எங்கே போய் ஸ்பேர் வாங்குவது?

பி.கு: உங்கள் தெருவிலோ, வேலை செய்யும் கம்பெனியிலோ, ஏன் உங்கள் வீட்டிலேயோ யாரையாவது தொட்டிக்குள் இறக்கப் பார்த்தால் 14420க்குப் போன் செய்யுங்கள். இதற்கென்றே இருக்கும் நம்பர். கண்டும் காணாமல் போனால் நாமும் அந்தக் கம்பெனியில் ஒரு பங்குதாரர்தான்.