நாம் கட்டும் முடிச்சு



பெருநாள் லீவுக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போனோம். அம்பேவெல பண்ணையையும் பார்த்தோம். யூடியூபில் கண்ட லாமாவைத் தேடிய சின்ன மகளுக்குக் கடைசியில் ஆடுமாடுகளே போதுமாயிருந்தது.

ஆடுகளுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி பிஸ்கட்டைப் பக்கட்டோடு நீட்டினார். "பொலித்தீன் வயிற்றை அடைத்தால் செத்துவிடும்" என்று தடுத்தேன். அவரும் கேட்டுக்கொண்டார். எனக்குப் பெரிய திருப்தி.

திரும்பும்போது வேனில் மகள் கேட்டாள்: "வாப்பா, எங்கட பக்கத்து யானைகளும் பொலித்தீன் திண்டுதானே சாகுது?"

என்னிடம் பதில் இல்லை.

பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் 8 வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அங்கே கிடப்பது சுற்றியுள்ள நம் ஊர்களின் குப்பைதான். சோறும் கறியும் மணக்கும் ஷொப்பிங் பேக்கை யானை பிரித்துத் தின்னாது. பையோடுதான் விழுங்கும்.

பிரதேச சபை வேலி போட வேண்டும், குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும். கேட்போம், அது நம் உரிமை. ஆனால் அந்தப் பையில் முடிச்சுப் போடுவது நம் குசினியில்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தியை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்!

மிஞ்சிய சோற்றைக் கோழிக்குப் போடுங்கள், அல்லது வளவில் புதையுங்கள். பொலித்தீனைக் கழுவி வேறாக வையுங்கள். எங்கள் வீட்டில் இன்று தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.