ஊரைக் கேட்காத அனுமதி

சிற்றூரின் ஓரத்தில் நூறு ஏக்கரில் குடியிருப்புத் திட்டம் என்று பேச்சு எழுந்து, ஊர்க்காரர்கள் எதிர்த்தால் உடனே ஒரு வாதம் வரும். நிலம் பட்டா நிலம், விற்றவர் விரும்பித்தான் விற்றார். அரசு அனுமதி கொடுத்துவிட்டது. நாட்டில் கோடிக்கணக்கானோர் வீடில்லாமல் இருக்கிறார்கள். சொந்த வீட்டில் சுகமாக இருப்பவர்கள்தான் அடுத்தவனுக்கு வீடு வரக்கூடாது என்று மறிக்கிறார்கள். மனைத் தொழிலுக்காகப் பேசுகிறவர்கள் இதை வரி மாறாமல் சொல்கிறார்கள். படித்தவர்கள் பலரும் அதை நியாயம் என்று நம்பித் திருப்பிச் சொல்கிறார்கள். ஆண்டிமடம் வட்டத்தில், வரதராஜன்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சிப் பக்கம் வாழ்கிறவனுக்கு இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

கடைசிக் குற்றச்சாட்டையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீடில்லாத ஏழையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பேசுவதால், அதுதான் இந்த வாதத்தில் மிகவும் கேவலமான பகுதி. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணக்கிட்டபோது வந்த எண்ணிக்கை ஏறத்தாழ 1.88 கோடி. அதில் சுமார் 96 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்தவர்களும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும். அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. வீடில்லாதவன் ஒரு பக்கம், ஆளில்லாத வீடு மறுபக்கம். இடையில் நிற்பது விலை. நுழைவாயிலில் வளைவு கட்டி, வண்ணக் கொடி நட்டு, வேன் வைத்து ஆள் கூட்டி விற்கும் மனை அந்த 96 விழுக்காட்டில் யாருக்குக் கிடைத்தது? முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கா? "இப்போது வாங்கிப் போட்டால் ஐந்து வருஷத்தில் இரட்டிப்பு" என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது முதலீட்டை. வாங்கியவர் வெளியூரில் இருப்பார். கல் நட்ட மனை கருவேலம் மண்டிக் கிடக்கும். அதை வீடு என்று சொல்லாதீர்கள்.

அரசு ஏழைக்கு வீடு கட்டியபோது அவர்களை எங்கே வைத்தது என்பதையும் பார்ப்போம். சென்னையின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அக்கம்பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்தில் அந்தக் குடியிருப்புகளைத் தண்ணீர் சூழ்ந்தது. இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்பவர்கள் அந்த மக்களிடம் போய் அதைச் சொல்லட்டும்.

அடுத்தது அனுமதி. எதிர்த்தரப்பின் முழு நம்பிக்கையும் இந்த ஒரு சொல்லில்தான். அதே பெரும்பாக்கத்தில் 1,250 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு 2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதியும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதியும் அடுத்தடுத்துக் கிடைத்தன. பள்ளிக்கரணை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். திட்ட நிலம் அந்த எல்லைக்குள் வருகிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் எழுப்பியது. அது தனியார் பட்டா நிலம், ராம்சார் எல்லை களத்தில் இன்னும் அளந்து முடிக்கப்படவில்லை என்று அரசுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. அளந்து முடிக்காத எல்லையின் ஓரத்தில் 1,250 வீடுகளுக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்? 2025 அக்டோபர் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் பணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டிய அலுவலகங்கள் கேட்கவில்லை. எதிர்த்தவர்கள் கேட்டார்கள்.

இது தலைநகர்க் கதை, நம் பக்கத்துக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சிற்றூரின் நிலை இன்னும் மோசம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, நிலத்தைப் பிரித்து உருவாக்கும் பகுதி மேம்பாட்டுத் திட்டம் 50 ஹெக்டேரைத் தொட்டால்தான், அதாவது சுமார் 123 ஏக்கர் இருந்தால்தான், பரப்பின் பேரில் அனுமதி தேவை. நூறு ஏக்கரை வெறும் மனைகளாகப் பிரித்து விற்பவர் அதற்குள் வரவே மாட்டார். அப்படியே வந்தாலும், கட்டடம், நகரியம் சார்ந்த திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்குத் தருகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அரியலூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், ஊர்க்காரன் மைக்கைப் பிடித்துப் பேசலாம். ஊரையே இரண்டு மடங்காக்கும் குடியிருப்புக்கு அது கிடையாது. பேரூராட்சிக்குக் கிராம சபையும் இல்லை. ஆக, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதித் தாளில் எத்தனை முத்திரை இருந்தாலும் ஊரைக் கேட்டதற்கான முத்திரை அதில் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு சாலையில் உட்கார்ந்தால் "வளர்ச்சிக்கு எதிரி" என்று பட்டம் கட்டுகிறீர்கள். அந்த மறியல்தான் ஊருக்குக் கிடைத்த ஒரே கருத்துக் கேட்பு.

அனுமதியே இல்லாமல் விற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கட்டும். விளைநிலங்கள் மனைகளாவதை எதிர்த்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் ஒரு மனை பதிவாகியிருந்தாலும் அந்த லே-அவுட்டை வரன்முறைப்படுத்த விண்ணப்பிக்கலாம் என்றன. விண்ணப்பிக்கும் கெடுவும் நீண்டுகொண்டே போனது. விதியை மீறியவனுக்கு இவ்வளவு பொறுமை காட்டிய நாட்டில், கேள்வி கேட்டவனிடம் மட்டும் ஏன் இத்தனை அவசரம்?

பட்டா வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டா நிலத்தின் உரிமையைச் சொல்லும். அந்த நிலத்தின் குறுக்கே ஏரிக்குப் போகும் வரத்து வாய்க்காலை மூட உரிமை தராது. இரண்டடி மண் கொட்டி மேடாக்கிச் சமப்படுத்தினால் தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குத்தான் போகும். பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை. புதிதாக வரும் ஆயிரம் வீட்டுக் கழிவுநீரும், அத்தனை வீட்டுக்கும் இறக்கும் போர்வெல்லும் விற்றவரின் வேலிக்குள் நிற்கப் போவதில்லை. பக்கத்துக் கிணற்றுக்காரனுக்கு இதில் பேச உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

இன்னொன்று: முந்திரிக்காட்டையும் மானாவாரிப் புன்செய்யையும் "சும்மா கிடக்கும் நிலம்" என்று எழுதுவது. எங்கள் செம்மண்ணில் பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கி வீட்டுச் செலவை ஓட்டும் குடும்பங்களை ஒரு வரியில் அழித்துவிடும் பேச்சு அது. இந்தப் பேச்சை நாங்கள் புதிதாகக் கேட்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காக 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்க முனைந்தபோதும் வேலை வரும், ஊர் வளரும், எதிர்ப்பவர்கள் அறியாதவர்கள் என்றுதான் சொன்னார்கள். அந்தத் திட்டத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை. சொற்ப இழப்பீட்டுக்காகச் சனங்கள் நீதிமன்றப் படியேறியே வயதானார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அப்போது எதிர்த்த "அறியாதவர்கள்" சொன்னதுதான் நின்றது. அவர்களைப் பழித்தவர்களில் ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலைகள் அடங்கிய அரசு நிலத்தையும் சேர்த்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது. இந்த நேரத்தில் வாயை மூடு என்று ஊர்களுக்குப் புத்தி சொல்பவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

திட்டம் நல்லது என்று உண்மையிலேயே நம்பினால், விற்பனைக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஓடையும் வாய்க்காலும் குறித்த புல வரைபடத்தை ஊர் நடுவில் ஒட்டுங்கள். குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். குறைந்த வருவாய்க்காரருக்கு எத்தனை வீடு, என்ன விலை என்று அறிவியுங்கள். அதன்பின் ஊர்க்கூட்டம் போட்டுக் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம்.