எண்ணிக்கை ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, பூசை முடிந்து கூட்டம் கலையும்வரை காத்திருந்த மூதாட்டி ஒருவர், முந்தானையில் பொதிந்திருந்த காகிதத்தை நம்மிடம் நீட்டினார். ஆலங்குளம் பக்கத்தவர். பெற்றோரை இழந்த பேரனின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு அது. "சாமி, பிள்ளைக்கு அணு கூடிருச்சாம். இனிமே மாத்திரைய நிறுத்திரலாமா?" என்றார்.

ஹெச்.ஐ.வி. கிருமி, சி.டி.4 என்னும் வெள்ளை அணுக்களை அழிக்கிறது. நோயை எதிர்க்கும் மற்ற அணுக்களை ஏவிவிடும் தலையாரிகள் இவை. கூட்டு மருந்து, கிருமி பெருகாமல் தடுக்கிறது. தலையாரிகள் மீண்டும் பெருகுகின்றன. இதில் பிள்ளைகளுக்கு ஒரு நற்பேறு உண்டு. நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியே இவ்வணுக்கள் பயிலும் பள்ளிக்கூடம். வயது ஏற ஏறச் சுருங்கும் அச்சுரப்பி, இளம் பருவத்தில் சுறுசுறுப்பாக இயங்குகிறது. ஆகவே தாமதமின்றி மருந்து தொடங்கிய பிள்ளையிடம் புத்தம்புது அணுக்கள் நிறையத் தோன்றுகின்றன. ஆனால் புதியவை பழைய பாடத்தை அறியா. அதனால்தான் முன்பு போட்ட தட்டம்மைத் தடுப்பூசியை மீண்டும் போட வேண்டியிருக்கலாம். மருத்துவரைக் கேட்பது நலம்.

ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு இவ்வணுக்கள் இயல்பாகவே மிகுதி. எனவே எண்ணிக்கையைவிட விழுக்காட்டையே மருத்துவர் பார்ப்பர். பெரியவரின் சீட்டோடு குழந்தையின் சீட்டை ஒப்பிட்டு மகிழ்வதும் கலங்குவதும் வீண்.

சரி, நிறுத்தலாமா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினர். ஏறத்தாழ 18 மாதங்களில் அது நின்றுபோயிற்று. பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கிருமியைக் காணவில்லை. குணமாயிற்று என உலகமே வியந்தது. 2014இல் கிருமி திரும்பியது, அணுக்களும் குறைந்தன. உறங்கும் அணுக்களுக்குள் அது பதுங்கியிருந்ததாம்! மாத்திரை அதைக் கட்டிவைக்கிறதேயன்றி வேரறுப்பதில்லை.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று, தாம்பரம் உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் இலவச மருந்து தொடங்கிற்று. 2006இல் குழந்தைகளுக்கெனத் தனித்திட்டமும் வந்தது. அதற்கு முன் எத்தனை பிள்ளைகளை வாரிக்கொடுத்தோம்!

மூதாட்டி புரிந்துகொண்டார். ஆயினும் நகரவில்லை. பேரனுக்கு வயது பதினொன்று. மாத்திரை எதற்கென்று அவனுக்கு இன்னும் தெரியாதாம். தீப்பெட்டி வேலைக்குப் போகும் அண்டைவீட்டாரிடம், சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறாராம். "அவங்கிட்ட யாரு சாமி சொல்றது?" என்றார். மருத்துவமனை ஆலோசகரைக் கேட்போம், அடுத்த முறை விருதுநகருக்கு நாமும் உடன் வருகிறோம் என்றோம்.